வெல்ல மண்டியின் மேல் ஓர் அடுப்பு

எனக்குப் பாகமாக வந்தவை எறும்புகள்தான். கட்டடம் அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

சித்தூர் பஜாரிலிருந்து சந்தைக்குப் போகிற தெருவில் எங்கள் நைனாவின், அதாவது அப்பாவின், வெல்ல மண்டி இருந்தது. நைனா போனபின் அண்ணன், நாங்கள் எல்லாரும் குடியிருந்த வீட்டையும் கரும்பு நிலத்தையும் தாமே வைத்துக்கொண்டு மண்டியை எனக்குக் கொடுத்தார். கொடுத்தார் என்றால் பத்திரம் எழுதி அல்ல. ஒருநாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, "அந்த மண்டிய நீ வச்சிக்கடா தம்பி" என்றார். வாயில் தண்ணீர் இருந்ததால் நான் தலையை மட்டும் ஆட்டினேன். சத்தமில்லாமல், சாட்சியில்லாமல், சண்டையில்லாமல் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி என்று எங்களை ஊரில் மெச்சினார்கள். மெச்சியவர்களில் ஒருவர்கூட வக்கீல் இல்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

மண்டி பல காலமாகப் பூட்டிக் கிடந்தது. வெல்ல வியாபாரம் பெரிய மண்டிகளுக்குப் போய்விட்டது. வெல்லம் மட்டும் போகவில்லை. அது தரையில் ஊறி, சுவரில் ஏறி, உத்திரக் கட்டைகளுக்குள் புகுந்து உட்கார்ந்திருந்தது. கோடையில் தரை கருங்கல்லைப்போல இருக்கும். மழை பிடித்துவிட்டால் செருப்பை விட்டுவிட்டுக் கால் மட்டும் முன்னே போகும். சுவர்கள் பழுப்பாக வியர்க்கும். தொட்டு நாக்கில் வைத்தால் இனிக்கும். நான் வைத்துப் பார்த்தேன். பூர்வீகச் சொத்தை இப்படி ருசி பார்த்தவர்கள் ஜில்லாவில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

எனக்குத் தொழில் பாத்திர வியாபாரம். பஜாரில் ஒரு வாடகைக் கடை. அகலம் எவ்வளவு என்றால், அண்டா வாங்க யாராவது வந்தால் அண்டாவை உள்ளே வைத்துவிட்டு நானும் அவரும் தெருவில் நின்று பேரம் பேசுவோம். ஊரில் பாதி வீட்டுச் சமையலறைகளில் என் கடைக் குண்டான்கள் இருந்தன. என் மனைவிக்குச் சொந்தமாக ஒரு கரண்டி கிடையாது.

அவள் வரும்போது நிறையத்தான் கொண்டுவந்தாள். பாலசமுத்திரத்துப் பக்கத்தில் அவள் நைனா விவசாயி. கடலை விளைந்த ஒரு வருஷத்தில் கல்யாணம் செய்ததால் தவலை, குடம், அடுக்கு, போசி என்று வண்டி நிறைய வந்தது. எல்லாவற்றிலும் அவள் நைனாவின் இனிஷியலும் அவள் பேரும் வெட்டியிருந்தது. எல்லாம் அண்ணியின் அடுப்பங்கரைக்குப் போயின. பிறகு அண்ணியின் பெண்களுக்கு ஒவ்வொன்றாகக் கல்யாணம் நடந்தது. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முன்னால் சில பாத்திரங்கள் பட்டறைக்குப் போய், பழைய பெயர் தேய்க்கப்பட்டு, புதுப்பெயர் வெட்டப்பட்டுப் பளபளவென்று வந்தன. வெட்டிக் கொடுத்த பட்டறைக்காரன் எனக்கு வேண்டியவன். எனக்குச் சலுகை விலை போட்டான்.

பாகத்துக்குப் பிறகும் நாங்கள் சாப்பிட்டுவந்த அந்த அடுப்பங்கரையில் அடுப்பு என் மனைவியுடையது, உப்பு அண்ணியுடையது. சமைப்பவள் இவள். கடைசியில் வந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, உப்புப் போடுவது அண்ணி. வெளியிலிருந்து பார்த்தால் இது ஒரு விஷயமே அல்ல. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, எங்கள் பெண் வளர்ந்து வேலூருக்குக் கல்யாணமாகிப் போன பிறகும், தான் வைத்த குழம்புக்குத் தான் உப்புப் போடாத ஒருத்திக்கு அது எப்படி இருக்கும் என்று நான் நிறையப் புத்தகங்களைப் படித்துத்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

மண்டியைப் பழுது பார்த்துக் கீழே பாத்திரக்கடையும் மேலே வீடுமாக ஆக்கலாமா என்று அவளிடம் கேட்டபோது, நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"கீழ நீங்க கடையோ கோட்டையோ கட்டிக்கங்க. மேல எனக்கு ஒரு அடுப்பு வேணும்."

"வீடே கட்டுறேன்னு சொல்றேன்."

"வூடெல்லாம் நீங்க கட்டிக்கங்க. அடுப்பு எனக்கு."

மேஸ்திரி சந்திரகிரிக்காரர். தம் பாட்டனுக்குப் பாட்டன் சந்திரகிரிக் கோட்டைக்குச் சுண்ணாம்பு அரைத்தவர் என்று அறிமுகத்திலேயே சொன்னார். அவர் வேலை செய்வதை ஒரு வாரம் பார்த்ததில், அந்தக் கோட்டை ஏன் பாதி இடிந்து கிடக்கிறது என்பது எனக்கு விளங்கியது. ஆனால் அவர் பேச்சில் உண்மை இருந்தது.

"சாமி, இது கட்டடம் இல்ல. இது பாகு. காய்ச்சி இறக்கணும்."

தரையைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள். கறுப்புக் கட்டிகளாக வந்தது. சித்தாள் பெண்கள் கூடையில் சுமந்து தெருவோரம் கொட்டினார்கள். அப்போது மதுவிலக்குக் காலம். அன்றன்றைக்குக் கொட்டிய குவியல் அன்றன்றைக்கே காணாமல் போனது. மறுநாள் காலையில் அந்த இடம் பெருக்கிவிட்டதுபோல் இருக்கும். எங்கள் நைனாவின் தரையை யாரோ ஊறப்போட்டுக் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் என்னைத் தெரியாதவர்கள்கூட அந்த நாட்களில் அன்பாக, "இன்னா சார், வேல இன்னும் எவ்ளோ கீது?" என்று விசாரித்தார்கள்.

சுவர் வேறு கதை. எத்தனை முறை கழுவிச் சுண்ணாம்பு அடித்தாலும் காலையில் டீ கொட்டியதுபோல் கறை வந்து நிற்கும். கறை வராத தெருப்பக்கச் சுவரை ஒருவழியாக வெள்ளையாக்கினோம். மறுநாளே சித்தூர் தமிழர்களுக்கே சொந்தம் என்று அதில் தாரால் எழுதியிருந்தார்கள். அதன்மேல் வெள்ளையடித்தோம். சித்தூர் எப்போதும் ஆந்திராவுக்கே என்று தெலுங்கில் எழுதினார்கள். ஆந்திர ராஜ்யம் பிறந்ததிலிருந்தே, ஜில்லா சென்னைக்கா ஆந்திராவுக்கா என்ற தலைவிதி இப்படிச் சுவர்களில்தான் நடந்துகொண்டிருந்தது. இரண்டு கையெழுத்தும் ஒன்றுபோல் இருந்ததால், இரண்டையும் எழுதியது ஒரே ஆளாக, கூலிக்கு எழுதுகிறவனாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். அவனைக் கண்டுபிடித்து என் கடைப் பெயரை எழுதச் சொல்லலாம் என்றுகூட நினைத்தேன்.

என் மனைவி பிற்பகலில் வருவாள். கோயிலுக்கு என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு வருவாள். மேலே ஏறி, கிழக்குப் பார்த்த அறையில் நின்று, சுவரில் கரித்துண்டால் கோடு போடுவாள். இங்கே அடுப்பு மேடை. இங்கே தண்ணீர்த் தொட்டி. இங்கே உப்பு ஜாடி. உப்பு ஜாடிக்கு மட்டும் ஒரு தனி மாடம் வெட்டச் சொன்னாள். மேஸ்திரி சிரித்தார்.

"உப்புக்கு எதுக்கும்மா மாடம்? சாமி வைக்கிற மாதிரி."

"நீ வெட்டு" என்றாள்.

மாடி வாசல் கதவுக்குத் திருப்பதி போனோம். கோயில் குளத்துப் பக்கம் ஒரு பழைய வீட்டை இடித்து லாட்ஜ் கட்டுகிறார்கள், தேக்குக் கதவுகள் விலைக்கு வருகின்றன என்று கேள்வி. கதவைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டு, வந்ததுதான் வந்தோமென்று மலை ஏறினோம். நான் பகுத்தறிவுக்காரன், ஆகவே தரிசனத்தின்போது கண்ணை மூடவில்லை. அவள் மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். தள்ளிவிட்டார்கள். இறங்கி வரும்போது என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டதற்கு, "வேற இன்னா, அடுப்புதான்" என்றாள்.

மலையில் அன்று கூட்டம் அதிகம். கோரிக்கைகள் இடம் மாறிப் போயிருக்க வேண்டும். கதவு வந்து சேர்ந்து மாட்டி முடித்த கொஞ்ச நாளில் அவள் கர்ப்பமாக இருப்பது தெரிந்தது.

பெண்ணைக் கட்டிக் கொடுத்தவனுக்கு இந்தச் செய்தி எப்படி வரவேண்டுமோ அப்படித்தான் வந்தது. பஜாரில் ஒரு வாரம் நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். வேலூரில் இருந்த பெண் கடிதமே போடவில்லை. ஆனால் இந்த வெட்கத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. எங்கள் பெண்ணுக்குப் பிறகு இரண்டு பிறந்தன, இரண்டும் தங்கவில்லை. அதைப்பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. நான்தான் எல்லாவற்றையும் பேசுகிறவன், நானும் அதைப் பேசுவதில்லை.

அண்ணி விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வவுத்துல புள்ளைய வச்சிக்கினு வூடு கட்டுறதாவது? சுவத்துல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. நிலை வைக்கக் கூடாது, அடுப்பு போடக் கூடாது, பால் காய்ச்சக் கூடாது. புள்ள பொறந்து, தீட்டுக் கழிஞ்சி, அப்பறம்தான் குடி போவணும். எங்க ஊர்ல இப்பிடித்தான் ஒருத்தி..."

அந்த ஒருத்தியின் கதையை நான் இங்கே எழுதப்போவதில்லை. என் மனைவி அதைக் கடைசிவரை கேட்டாள்.

"அப்ப கடை?" என்றேன்.

"கடை வேற. கடையில யாரு படுக்கப் போறா? கடைய நீ தாராளமா தொற கொழுந்தனாரே."

அதே மாதத்தில் அண்ணன் வீட்டுச் சாக்கடையை உடைத்துப் புதிதாகக் கட்டினார்கள். என் மனைவி குடியிருந்த வீட்டுச் சாக்கடைதான். கடப்பாரை நாள் முழுவதும் இடித்தது. சாக்கடை இந்தச் சாஸ்திரத்துக்குள் வராது என்று அண்ணி சொன்னார்.

என் மனைவி முதலில் சிரித்தாள். "கெழவி சொல்றதக் கேட்டா நான் இங்கியே உப்பாயிடுவேன்" என்று என்னிடம் சொன்னாள். மறுநாளும் வந்து மாடியேறினாள். அடுப்பங்கரை நிலையைப் பொருத்த மேஸ்திரியின் ஆள் சுவரில் முளை அடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அடிக்கும் அவள் கை தானாக வயிற்றின்மேல் போய் வந்தது. அவளே அதைக் கவனித்துவிட்டாள்.

"போதும். நிறுத்தச் சொல்லுங்க."

"நீயே நம்பலன்னு சொன்ன."

"நம்பலதான். நிறுத்தச் சொல்லுங்க."

நான் படித்த பகுத்தறிவுப் பிரசுரங்கள் ஒரு பீரோ நிறைய இருந்தன. ஒன்றையும் எடுத்துக்காட்டாமல் மேஸ்திரியை நிறுத்தச் சொன்னேன். கேட்டால் அவளுக்காக என்பேன். எனக்கும் அந்த முளைச்சத்தம் பிடிக்கவில்லை.

மாடியைப் பூட்டினோம். சாவியை அவள் இடுப்பில் செருகிக்கொண்டாள். மாதங்கள் போகப்போக இடுப்பில் இடமில்லாமல், தாலிச் சரட்டில் ஊக்குகளோடு ஊக்காகக் கோத்துக்கொண்டாள். நடக்கும்போது சத்தம் கேட்கும்.

கீழே கடை நல்ல நாள் பார்த்துத் திறந்தோம். புதுத் தரை, மரப்படிகள் போட்ட அலமாரிகள், மேலே கொக்கிகளில் தொங்கும் வாளிகள், தூக்குகள், லாந்தர்கள். எவர்சில்வர் அப்போதுதான் மெல்ல வந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு தனி அலமாரி, நகைக்கடைபோல் கண்ணாடி வைத்து. எறும்புகள் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. புது வாளிக்குள் வரிசையாக இறங்கி, அங்கே ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டு வரிசையாக ஏறிப் போயின. வாடிக்கையாளர்களில் சிலரும் அப்படித்தான்.

திறப்பு விழாவுக்கு மாமனார் பாலசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாடிப்படி அடியில் நின்று அண்ணாந்தார்.

"இன்னா மாப்ளே, குண்டானெல்லாம் குடியேத்திட்ட. எம் பொண்ண எப்ப ஏத்தப்போற?"

"குழந்த பொறந்ததும் மாமா. சாஸ்திரம்."

"யாரு சாஸ்திரம்?"

"அண்ணி சாஸ்திரம்."

"ஓகோ" என்றார் அவர். "அப்ப சரி. அதுக்குள்ள இந்த ஜில்லா எந்த ராஜ்யத்துக்குப் போவுதுன்னும் தெரிஞ்சிடும். மொத்தமா சேத்து பால் காய்ச்சிடலாம்."

அவர் சொன்னதில் முதல் பாதி நடந்தது. எல்லைத் தீர்மானம் வந்துவிட்டது. திருத்தணிப் பக்கம் சென்னை ராஜ்யத்துக்கு. சித்தூர் இருந்த இடத்திலேயே ஆந்திராவில். பஜாரில் சிலர் பட்டாசு வெடித்தார்கள், சிலர் கடையை அடைத்தார்கள். என் கடையில் அன்று ஒரு கிழவர் வந்து செம்பு ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்து, "இது இப்ப மெட்ராஸ் சரக்கா, நம்ம சரக்கா?" என்று கேட்டார். கும்பகோணத்துச் சரக்கு என்றேன். "அப்போ வெளியூர் சரக்கு" என்று திரும்ப வைத்துவிட்டுப் போனார்.

எல்லைக் கோடு தாளில் போனதோடு நிற்காமல் என் மாடிப்படி வழியாக ஏறியது, இப்படித்தான். திருத்தணி அந்தப் பக்கம் போனதும், அங்கே வேலை பார்த்த ஆந்திர உத்தியோகஸ்தர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். அவர்களுக்குக் குடியிருக்க வீடு வேண்டும். ஊரில் காலியாகக் கிடக்கும் வீட்டை எல்லாம் சர்க்கார் தன் உத்தியோகஸ்தர்களுக்கு ஒதுக்கிக்கொள்ளலாம் என்று வாடகைச் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. சட்டம் பழசு, எனக்குத்தான் புதுசு.

வீடு ஒதுக்குகிற ஆபீஸிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். நெல்லூர்ப் பக்கத்துக்காரர், நெற்றியில் நாமம், கையில் குடை. கடைக்குள் வந்து விலை கேட்பார் என்று நாற்காலி போட்டேன். அவர் உட்காராமல் மாடியைக் காட்டினார்.

"பைன காலியேனா அண்டி?"

"காலி இல்லைங்க. எங்க வீடுதான். குடி போகணும்."

"எப்போ போகணும்?"

"குழந்தை பிறந்ததும்."

"எவரிக்கி குழந்தை?"

"எனக்குத்தான். என் சம்சாரத்துக்கு."

என் நரைத்த தலைமுடியை ஒருமுறை பார்த்தார். நல்ல மனிதர், பேச்சை வேறு பக்கம் திருப்பினார். வாசல் கதவில் பெரிய பூட்டுத் தொங்குவதையும், உள்ளே அடுப்பு போடாததையும் விசாரித்தார். நான் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஆணி அடிக்கக் கூடாது என்பதை, பால் காய்ச்சக் கூடாது என்பதை, இரண்டு குழந்தைகள் தங்காமல் போனதைக்கூட முன்பின் தெரியாத அந்த ஆளிடம் சொன்னேன். பேசத் தெரிந்தவனுக்கு இது ஒரு வியாதி.

அவர் முகம் இளகிவிட்டது. "கரெக்ட் அண்டி. ரொம்ப கரெக்ட். கர்ப்பிணி இருக்கும்போது கிருகப்பிரவேசம் தப்பு. மகா தப்பு. எங்க வீட்டுலகூட அப்படித்தான். போகவே கூடாது."

"அதான் சொல்றேன்."

"அப்போ இப்போ நீங்க போகமாட்டீங்க."

"போகமாட்டோம்."

"கதா?" என்றார் அவர், அப்படித்தானே என்பதுபோல, வருத்தத்தோடு. "அப்போ காலிதானே?"

நான் பலரோடு விவாதம் செய்திருக்கிறேன். பஜாரில் என்னை வாதத்தில் மடக்கியவர் யாருமில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அந்த மனிதர் என் வாயிலிருந்தே ஒவ்வொரு செங்கல்லாக வாங்கி எனக்குச் சுவர் எழுப்பிவிட்டுப் போனார். போகும்போது மனப்பூர்வமாக, "சுகப் பிரசவம் ஆகட்டும்" என்றும் சொன்னார்.

ஆட்சேபணை கொடுத்தேன். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சொந்த உபயோகத்துக்கு வேண்டும் என்று கேட்பவனுக்கு ஊரில் வேறு வீடு இருக்கக் கூடாது. எனக்கு வேறு வீடு இல்லை, அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கிறேன், நாங்கள் பாகம் பிரிந்தவர்கள் என்று சொல்ல வேண்டியதுதான். பத்திரம் இல்லை, ஆனால் அண்ணன் இருக்கிறார். அண்ணன் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று வக்கீல் சொன்னார். "இதுக்குப் போய் இன்னாடா யோசன, நான் வர்றேன்" என்று அண்ணன் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்.

அதிகாரி தெலுங்கில் கேட்டார். "மீரு பாகாலு பஞ்சுகுன்னாரா?" பாகம் பிரித்துக்கொண்டீர்களா என்பதுதான்.

அண்ணன் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஊர்க்காரர்கள் பலர் அவரவர் வழக்குக்காக உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் எங்களுக்குத் தெரிந்தவர்கள். அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"பாகமா? லேது சார். அண்ணன் தம்பிக்குள்ள இன்னா சார் பாகம்? எங்க நைனா போவும்போது இவன் கையப் புடிச்சி என் கையில குடுத்தாரு. நான் உசுரோட இருக்கிற வரைக்கும் இவன் என் வூட்டுலதான் இருப்பான். என் அடுப்புலதான் துன்னுவான். எவன் கேக்கறது?"

சொல்லிமுடிக்கும்போது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அறையில் இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அதிகாரியே கொஞ்சம் நெகிழ்ந்துபோய் பேனாவை எடுத்து எழுதினார். என் வக்கீல் மட்டும் காகிதங்களை மடித்து வைத்தார். பாகமில்லை என்றால் அண்ணன் வீடு எனக்கும் வீடு, மாடி சர்க்காருக்கு.

அண்ணன் பொய் சொன்னார் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்தக் கணத்தில் அவர் ஒவ்வொரு எழுத்தையும் நம்பிச் சொன்னார். வீடு திரும்பும் வழியில் ஓட்டலில் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். "கவலப்படாதேடா" என்றார். மாடி வாடகை அதற்குப் பிறகு குடும்பத்துக்கு மூத்தவர் என்ற முறையில் அவர் பேரில் வந்தது.

அன்று வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சாவி கேட்டேன். தாலிச் சரட்டிலிருந்து கழற்ற அவளுக்கு நேரமாயிற்று. நிறைமாதம், கை வீங்கியிருந்தது.

"அடுப்பு போடாத வூடாச்சே. அதுல எப்பிடி இருப்பாங்க?"

"அவங்களே போட்டுக்குவாங்களாம்."

"எங்க போடுவாங்க?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். தெரியும். அந்த வாரமே மேஸ்திரி வந்து, கரிக்கோட்டின்மேலேயே மேடை கட்டிக் கொடுத்தார். உப்பு மாடம் அவர்களுக்கு விளக்கு வைக்க வசதியாக இருந்தது.

குடி வந்தவர் சாதுவான மனிதர். மனைவி, இரண்டு பையன்கள். முதல் நாளே கீழே வந்து கடையில் இட்லிப் பானை ஒன்று வாங்கினார். திருத்தணியில் இருந்ததால் தமிழ் நன்றாகவே பேசினார்.

"அங்க நல்ல வீடுங்க எங்களுக்கு. பின்னால தோட்டம், வாழை, எல்லாம் இருந்துச்சு. உங்க ஆளுங்க எடுத்துக்கிட்டாங்க."

"எங்க ஆளுங்கன்னா?"

"தமிழ் ஆளுங்க."

"நானும் தமிழ் ஆளுதாங்க. எனக்கு ஒரு வாழையும் தரலியே."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இட்லிப் பானையில் எறும்பு இருக்கிறது என்று மறுநாள் திருப்பிக் கொண்டுவந்தார்.

குழந்தை அண்ணன் வீட்டில் பிறந்தது. பெண். கத்திக்கொண்டே பிறந்து, கத்திக்கொண்டே இருந்து, தங்கிவிட்டது. அந்த நாட்களில் அண்ணி என் மனைவிக்குச் செய்ததை அவள் தாய் உயிரோடு இருந்தாலும் செய்திருக்க மாட்டாள். ராத்திரி பகல் தூங்காமல் பார்த்தார், மருந்து அரைத்தார், அழுக்குத் துணி துவைத்தார். இதை எழுதாமல் விட்டால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். எல்லாம் முடிந்த பிறகு, ஒரே ஒருமுறை, "பாத்தியா? நான் சொன்னதக் கேட்டீங்க, புள்ள தங்குச்சி" என்றார். குழந்தை சாட்சியாகத் தொட்டிலில் கிடந்தது. அது வளர வளர என் பகுத்தறிவுக்கு எதிரான ஆதாரமும் வளர்ந்துகொண்டே வந்தது.

குழந்தைக்குச் சோறு ஊட்டும் நாள் வந்தது. என் மனைவி விடிவதற்குள் எழுந்து, குளித்து, பச்சரிசியும் பருப்பும் போட்டுக் குழையக் குழைய வேகவைத்தாள். சின்னக் கிண்ணத்தில் எடுத்து, நெய் விட்டு, விரலால் ஒரு கல் உப்பைக் கரைத்தாள். அண்ணி வந்தார். வழக்கம்போல ஒரு சொட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "உப்பு பத்தல" என்று இன்னும் கொஞ்சம் போட்டுக் கலந்தார். பிறகு குழந்தையைக் கொஞ்சினார்.

"எங்க வூட்டு அடுப்புல பொறந்த தங்கம்டி நீ. எங்க வூட்டு உப்புடி நீ."

அவ்வளவுதான். அதில் வைவதற்கு ஒன்றுமில்லை, அன்பாகத்தான் சொன்னார். என் மனைவி குழந்தைக்கு மூன்று வாய் ஊட்டினாள், வாயைத் துடைத்தாள், கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அடுத்த வாரம் ஆடி பிறந்தது. முதல் செவ்வாய்க்கிழமை. நான் பிறகு பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு நல்ல நேரம் என்று சொல்லக்கூடிய நேரத்தில் அவள் எதையுமே செய்யவில்லை. ராகு காலத்தில், இடுப்பில் குழந்தையும் கக்கத்தில் ஒரு பாயும் வைத்துக்கொண்டு, பட்டப்பகலில் பஜார் வழியாக நடந்து கடைக்கு வந்தாள். வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். யாரையும் பார்க்காமல் பின்பக்கம் போனாள். மாடிப்படிக்கு அடியில், தண்ணீர்க் குடங்களை அடுக்கியிருந்த மூலையில், குடங்களை எடுத்து நகர்த்தினாள். மேடைக்கென்று வாங்கி மிஞ்சிக் கிடந்த செங்கல்லில் மூன்றை எடுத்து வைத்தாள்.

"இன்னா இது?" என்றேன்.

"அடுப்பு."

"அது தென்மேற்கு மூல. அங்க யாராவது..."

"கிழக்கு மூலைய வாடகைக்கு விட்டுட்டீங்க இல்ல?"

அலமாரியிலிருந்து அவளே ஒரு குண்டானை எடுத்தாள், ஒரு கரண்டியை எடுத்தாள். விலைச் சீட்டைக் கிழித்துப்போட்டாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல், வாடிக்கையாளர் ஒருவருக்கு அளவுக்கு அதிகமாக விலை குறைத்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து நாங்கள் அங்கேதான் இருக்கிறோம். பால் காய்ச்சவில்லை, மாவிலை கட்டவில்லை. அண்ணன் ஒருமுறை வந்து வாசலில் நின்று, ஊரார் சிரிக்கிறார்கள் என்றார். அண்ணி வரவில்லை, ஒரு ஜாடி ஊறுகாய் கொடுத்தனுப்பினார். என் மனைவி அதைத் திருப்பி அனுப்பவும் இல்லை, திறக்கவும் இல்லை. பகலில் கடை, ராத்திரியில் அண்டாக்களுக்கு நடுவே பாய். மேலே தேக்குக் கதவு திறக்கிற சத்தம், பையன்கள் ஓடுகிற சத்தம், அம்மி அரைக்கிற சத்தம் எல்லாம் தலைக்கு நேர் மேலே கேட்கும். நல்ல கட்டடம்தான், மேஸ்திரியைத் திட்டியதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

குழம்பு நன்றாக இருக்கிறது. உப்பு சில நாள் அதிகம். நான் சொல்வதில்லை.

புகைதான் பிரச்சினை. படிக்கட்டுக்கு அடியில் புகைபோக்கி வைக்க வழியில்லை. கீழே பித்தளை எல்லாம் மங்கி, புதுப் பாத்திரங்களைப் பழைய பாத்திரம் என்று நினைத்துப் பேரம் பேசுகிறார்கள். மிச்சப் புகை படியேறி மேலே போகிறது. போன வாரம் மாடிக்காரர் இறங்கி வந்தார். ரொம்ப சங்கடப்பட்டுக்கொண்டு, சுற்றி வளைத்துப் பேசினார்.

"தப்பா நினைக்காதீங்க. வீட்ல அவங்களுக்கு இருமல். அடுப்பங்கரை பூரா புகையா வருது. கீழ கொஞ்சம்... வேற எங்கயாச்சும்..."

அடுப்பங்கரை என்ற சொல்லை அவர் சொன்னபோது, உள்ளே ஊதுகுழல் சத்தம் நின்றது. நான் போய் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன், முடிந்தவரை மெதுவாக. அவள் நிமிரவில்லை. புகையில் கண் சிவந்து, கன்னத்தில் கரி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குழந்தை நின்றது.

"ஏன், மேல ஜன்னல் இல்லியா? நாந்தானே வைக்கச் சொன்னேன், கிழக்கால. தொறந்துக்கச் சொல்லுங்க."

மறுபடியும் ஊத ஆரம்பித்தாள்.

அதற்குள் மாடிக்காரர் பதிலுக்குக் காத்திருக்காமல் மேலே போயிருந்தார். சொல்லிவிட்டு வரலாம் என்று படியேறினேன். திருப்பதியிலிருந்து கொண்டுவந்த கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

"எவரு?" என்று உள்ளேயிருந்து அந்த அம்மாள் கேட்டாள், இருமிக்கொண்டே.

"பாத்திரக்கடைக்காரன்" என்றேன்.